வாசகர் கேள்வி-பதில்: சொந்த ஊரில் ஒரு நட்சத்திர விடுதி

சென்ற இதழில், யாழ்ப்பாண நகரின் நட்சத்திர விடுதி ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கியதைப் பற்றி எழுதியிருந்தேன். அண்ணாவின் மகளுடைய திருமணத்துக்காகக் கனடாவிலிருந்து வந்த பன்னிரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள். கொக்குவிலில் வீடு இருக்கும் என்னையும் தங்களோடு வந்து நிற்கும்படி அண்ணா விடாப்பிடியாகக் கேட்டதால் நானும் போனேன். பணியாளர்களின் பரிவையும் அறையின் துப்புரவையும் மனதாரப் பாராட்டியிருந்தேன். வரவேற்பு மேசையில் தமிழ் இரண்டாம் இடத்தில் இருந்ததையும், காலை உணவில் எங்கள் சமையல் பொறுப்பின்றிக் கையாளப்பட்டதையும், குளியல் தொட்டியை நான் நிரப்ப மறுத்ததையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். விடுதியின் பெயரை அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. இந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகம் என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பத்து நிமிடத்தில் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேரக்கூடிய ஒருவர் இவ்வளவு பணம் செலவழித்து விடுதியில் தங்குவது வீண் ஆடம்பரம் இல்லையா அம்மா? வந்த உறவுகளை வீட்டில் வைத்துப் பார்ப்பதுதானே எங்கள் முறை?
– ஆசிரியை, உரும்பிராய்

பதில்: உங்கள் மனத்தாங்கல் எனக்கு நன்றாக விளங்குகிறது, ஏனென்றால் நானும் அந்த முறையில்தான் வளர்ந்தேன். என் சிறுவயதில் கொழும்பிலிருந்து யாழ்தேவிப் புகையிரதத்தில் வந்து இறங்கும் உறவினர் எவரும் வேறிடத்தில் தங்கியதை நான் கண்டதில்லை. ஊருக்கு வந்தவர் வெளியில் தங்கினார் என்றால் அது வீட்டுக்காரருக்கு நேர்ந்த அவமானமாகக் கருதப்பட்டது. அதற்காக வருடக் கணக்கில் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்களும் உண்டு. விறாந்தையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு விடியும்வரை கதைத்த அந்த இரவுகளை நான் இன்னும் நினைத்து ஏங்குகிறேன்.

ஆனால் அந்த விருந்தோம்பலை யார் சுமந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். விடிய நான்கு மணிக்கு எழுந்து தேங்காய் துருவியவர்களும், கிணற்றில் நீரள்ளி நிரப்பியவர்களும், எல்லாரும் உண்டபின் மிஞ்சிய சொதியோடு கடைசியாக உட்கார்ந்தவர்களும் அந்த வீட்டுப் பெண்களே. முப்பது வருடங்கள் நானும் அதைச் செய்திருக்கிறேன், அன்போடுதான் செய்தேன். இன்று எனக்கு அறுபத்தாறு வயது. என் வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு குளியலறையும் உள்ளன. வந்தவர்களில் மூன்று சிறுபிள்ளைகளும், அண்மையில் சத்திர சிகிச்சை செய்துகொண்ட அண்ணியும் இருந்தார்கள். எங்கள் குடும்பத் திருமணம் ஒன்றில், காலையில் தலை சீவி, ஒரு கதிரையில் நிமிர்ந்து இருந்து, இன்னொருவர் கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடித்தபடி அண்ணியோடு ஒரு மணிநேரம் ஆறுதலாகக் கதைத்தது என் வாழ்நாளில் அதுதான் முதற்தடவை. அந்த ஒரு மணிநேரத்தை வீண்செலவென்று என்னால் சொல்ல முடியாது. செலவை ஏற்றவர் அண்ணா என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. 2009 வரை இந்த நகரில் விடுதி என்று சொல்லக்கூடியவை மிகச் சிலவே, அவற்றுள்ளும் சில போர்க்காலத்தில் இராணுவத்தின் கையில் இருந்தன. 2014 இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது, 2019 இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது, வருபவர்கள் பெருகினார்கள், விடுதிகளும் எழுந்தன. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன வீடுகளில் பூட்டிய அறைகளும் வயதான பெற்றோரும் மட்டும் எஞ்சியிருக்கும் நிலையில், அந்தப் பெற்றோரின் தலையில் பன்னிரண்டு பேரின் சமையலை ஏற்றாமல் இருப்பதும் உறவைப் பேணும் ஒரு வழிதான்.

கேள்வி: தெற்கிலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகள் தமிழ் தெரியாமல் இருப்பது பெரிய குற்றமா? உலகமெங்கும் விடுதிகளில் ஆங்கிலம்தானே நடைமுறை? கொழும்பு விடுதிகளில் நாங்கள் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லையே?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தெற்கிலிருந்து வந்த பிள்ளைகளை நான் குறை சொல்லவே இல்லை ஐயா. எங்கள் அறையைத் துப்புரவு செய்த சிங்கள இளைஞர், ‘வணக்கம் அம்மா, தண்ணீர் போத்தல் வேணுமா’ என்று தனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு நாளும் எங்களோடு உறவாடினார். என் வருத்தம் வரவேற்பு மேசையில் இருந்த பெண்பிள்ளையைப் பற்றியது, சரியாகச் சொன்னால் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களைப் பற்றியது. சேலை உடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, கையில் பழைய துணிப்பையோடு உள்ளே வந்த என்னைப் பார்த்து அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் தொடங்கினார். நான் தமிழில் பதில் சொன்னேன், மீண்டும் ஆங்கிலம் வந்தது. மூன்றாம் முறை, ‘பிள்ளை, நீர் எந்த ஊர்?’ என்று கேட்டேன். ‘சுன்னாகம் அம்மா’ என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஆங்கிலத்தில்தான் தொடங்கவேண்டும் என்பது தங்களுக்கு இடப்பட்ட விதி என்றும், விருந்தினர் கேட்டால் மட்டுமே மொழியை மாற்றலாம் என்றும் பிறகு அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

கொழும்போடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். 1864 இல் தொடங்கிய காலிமுகத்திடல் விடுதி வெளிநாட்டுப் பயணிகளை எதிர்பார்த்து வளர்ந்த நகரின் விடுதி, அங்கே ஆங்கிலம் முன்னால் நின்றதற்கு ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து விடுதியின் மண்டபத்தில் நான் பார்த்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள்: திருமணத்துக்கு வந்தவர்கள், காணி அலுவலாக வந்தவர்கள், முப்பது வருடங்களுக்குப் பின் ஊர் பார்க்க வந்தவர்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊரில் தமிழ் பேசிப் பார்க்கவேண்டும் என்று எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா! அண்ணாவின் பேரன் விமானத்தில் வரும்போதே ‘எனக்கு ஒரு தேநீர் தாருங்கள்’ என்பதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தான். அவன் அதைச் சொன்னபோது அவனுக்கு வந்த பதில் ஆங்கிலத்தில் இருந்தது.

இதில் மரியாதையைவிடப் பாரதூரமான ஒரு பக்கமும் இருக்கிறது. அறைக்கதவின் பின்புறத்தில், தீ விபத்து நேர்ந்தால் எந்தப் படிக்கட்டால் இறங்கவேண்டும் என்று காட்டும் வரைபடம் ஒட்டப்பட்டிருந்தது. அதன் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. என் பக்கத்து அறையில் தங்கிய அண்ணியின் தாயாருக்கு எண்பது வயது, ஆங்கிலம் தெரியாது. 1987 இன் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழியானது. அது அரசு அலுவலகங்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, தனியார் விடுதியைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனாலும் உயிர்காக்கும் ஒரு தாளைத் தன் விருந்தினருக்கு விளங்கும் மொழியில் அச்சிட ஒரு விடுதிக்குச் சட்டம் வேண்டியதில்லை, ஆயிரம் ரூபாவும் கொஞ்ச அக்கறையும் போதும்.

கேள்வி: நாற்பது வகை உணவு வைத்திருந்தும் காலை உணவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நம்ப முடியவில்லை. புட்டிலும் சொதியிலும் அப்படி என்ன பிழை கண்டீர்கள்?
– வாசகர், மானிப்பாய்

பதில்: பாராட்டவேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். தோசையை ஒருவர் எங்கள் கண்முன்னே சுட்டுத் தந்தார். ஓரம் முறுகி, நடு மெதுவாக, உழுந்து நன்றாகப் புளித்து, எந்த வீட்டுத் தோசைக்கும் குறையாமல் இருந்தது. மற்றவையும் அப்படிக் கண்முன்னே செய்யப்பட்டிருந்தால் இந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

புட்டு என்பது காத்திருக்காத உணவு. புட்டு அவிக்கும் பனையோலை நீத்துப்பெட்டியிலிருந்து கொட்டியதும் ஆவி பறக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் மாவும் தேங்காய்ப்பூவும் ஒன்றோடொன்று இசைந்து, கையால் தொட்டதும் உதிரும் பதத்தில் இருக்கும். விடுதியில் ஐந்து மணிக்கு அவித்ததை ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் கொட்டி, மூடி, கீழே சூடு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் எட்டு மணிக்குப் போனபோது அடிப்பகுதி காய்ந்து மணலாகவும், மேற்பகுதி மூடியிலிருந்து சொட்டிய நீரில் ஊறிக் களியாகவும் இருந்தது. சொதியின் கதை இன்னும் துயரமானது. தேங்காய்ப்பால் விட்டபின் சொதியைக் கொதிக்கவிடக்கூடாது, ஒரு முறை நுரைகட்டியதும் இறக்கித் தேசிக்காய் பிழியவேண்டும் என்பதைச் சமையல் பழகத் தொடங்கும் பிள்ளைக்கே முதலில் சொல்லிக்கொடுப்போம். மூன்று மணிநேரம் சூட்டில் கிடந்த சொதி திரைந்து, நீர் வேறாகவும் பால் வேறாகவும் பிரிந்து நின்றது. அண்ணாவின் பேரன் அதைப் பார்த்து, இது பழுதாகிவிட்டதா என்று கேட்டான். தன் பாட்டனின் ஊரில் அவன் முதல்முதலாகக் கண்ட சொதி அதுதான். என் கோபத்தின் காரணம் இவ்வளவே.

சமையற்காரர்களைச் சொல்லி என்ன பயன்? அவர்களில் ஒருவரிடம் பேசினேன். வடமராட்சியைச் சேர்ந்தவர், வீட்டில் தாயார் நீத்துப்பெட்டியில்தான் அவிப்பார் என்றார். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு வைக்கவேண்டும் என்பதால் பெரிய உருக்குப் பாத்திரத்தில் அவிக்கச் சொல்கிறார்கள் என்றும் சொன்னார். நூறு பேரும் ஒரே நேரத்தில் வருவதில்லையே! பத்து நீத்துப்பெட்டிகளும் அடுப்படியில் நிற்க ஒரு ஆளும் இருந்தால் ஆறரை மணிமுதல் பத்து மணிவரை புதுப்புட்டு வந்துகொண்டே இருக்கும். தோசைக்கு அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் செய்யத் தவறியதற்கு ஒரே காரணம், தோசையை விருந்தினருக்கான காட்சியாகவும் புட்டை இட்டு நிரப்பும் பண்டமாகவும் அவர்கள் எண்ணியதுதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு நண்டுக்கறி கேட்டோம். நண்டு நல்ல நண்டு, பரவைக்கடலிலிருந்து வந்தது, சதை நிறைந்திருந்தது. ஆனால் குழம்பில் பாலாடையைக் கலந்து, காரத்தைக் குறைத்து, மேலே ஏதோ ஒரு வெளிநாட்டு இலையைத் தூவியிருந்தார்கள். வறுத்து இடித்த எங்கள் கறித்தூளின் மணத்தை அந்தப் பாலாடை முழுதாக விழுங்கிவிட்டது. இறக்கும் தறுவாயில் ஒரு பிடி முருங்கையிலை போட்டிருந்தால் போதும், அந்த மணத்துக்காகவே மக்கள் கடல்கடந்து வருகிறார்கள்.

ஒடியற்கூழைப் பற்றியும் சொல்லவேண்டும். சிறிய கண்ணாடிக் குவளையில், இரண்டு மிடறு அளவு, உணவுக்கு முன் பருகத் தந்தார்கள். காயவைத்த பனங்கிழங்கை இடித்தெடுத்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, மீண்டும் ஊறவைத்துக் கசப்பைப் போக்கி, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, பழப்புளி கரைத்துவிட்டு, முற்றத்தில் பெரிய பானையைச் சுற்றி எல்லாரும் அமர்ந்து, பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்து வியர்க்க வியர்க்க இன்னும் கேட்கும் உணவு அது. கூழின் சுவையில் பாதி அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. பின்முற்றத்தில் வேப்பமரமும் அதன் கீழே இடமும் வைத்திருக்கும் அந்த விடுதி, கிழமையில் ஒரு மாலை அங்கே ஒரு பானையை ஏற்றினால், அதற்கென்றே அறை எடுக்க ஆட்கள் வருவார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பழக்கூடையில் அப்பிளும் வெளிநாட்டுத் தோடம்பழமும் இருந்தன. அது ஆனி மாதம், சந்தை முழுவதும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவிந்திருந்தது. இதற்குமேல் நான் என்ன சொல்ல?

கேள்வி: விளம்பரத்தில் ஒரு விலையைப் பார்த்து அறை எடுத்தேன். கணக்குச் சீட்டில் அதைவிட எவ்வளவோ கூட இருந்தது. இது ஏமாற்று வேலையா?
– வியாபாரி, பருத்தித்துறை

பதில்: பெரும்பாலும் ஏமாற்று இல்லை, ஆனால் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லாதது பெரும் பிழை. அறை வாடகைக்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், 2024 தைமாதம் முதல் பெறுமதிசேர் வரி 18 வீதம், இவற்றோடு 2022 இல் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம் ஆகியவை சேரும்போது, 40,000 ரூபா என்று கண்ட அறை 50,000 ரூபாவைத் தாண்டிவிடும். ஆகவே தொலைபேசியில் கேட்கும்போதே, ‘எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் நான் எவ்வளவு கட்டவேண்டும், காலை உணவும் அதற்குள் அடங்குமா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இலங்கையில் வசிப்பவர்களுக்குப் பல விடுதிகளில் வேறு, குறைந்த விலை உண்டு, அதை நீங்களாகக் கேட்காவிட்டால் சிலர் சொல்லமாட்டார்கள். தேசிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எங்கள் கூட்டத்தில் கனேடியக் கடவுச்சீட்டில் எடுத்த அறைகளுக்கு டொலரில் ஒரு விலையும், என் அறைக்கு ரூபாவில் வேறொரு விலையும் இருந்தன.

கேள்வி: காசு கட்டித் தங்கும் இடத்தில் குளியல் தொட்டியை நிரப்பினால் என்ன, நிரப்பாவிட்டால் என்ன? அந்தத் தண்ணீர் எங்கள் தீவுக்கா வந்துவிடப்போகிறது?
– வாசகி, வேலணை

பதில்: தண்ணீர்ப் பவுசர் வண்டி வரும் நாளுக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருப்பவர்களின் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதால், அதில் இருக்கும் கசப்பை நான் மதிக்கிறேன். நான் மிச்சம் பிடித்த தண்ணீர் வேலணைக்கு வராது. ஆனாலும் ஏன் நிரப்பவில்லை என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தடியில் உள்ள உப்புநீரின்மேல், அதைவிட இலேசானது என்பதால், ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கிணற்றிலிருந்து நாம் அள்ளுவது அந்தப் படலத்தைத்தான். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது இத்தகைய நிலங்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. அதையே மறுபக்கமாகப் பாருங்கள்: அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும், கீழிருந்து உப்புநீர் பல மடங்கு மேலேறி வந்துவிடும். ஒருமுறை உவரான கிணறு பல மழைகளுக்குப் பிறகும் எளிதில் நன்னீராவதில்லை. கரையோரத்துக் கிணறுகள் பலவற்றின் கதை இதுதான், உங்கள் தீவுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டதே இந்த நெருக்கடியினால்தான்.

ஒரு குளியல் தொட்டியை நிரப்ப நூற்றைம்பது லீற்றருக்கும் மேல் பிடிக்கும். ஐந்து நிமிடம் நின்று குளித்தால் ஐம்பது லீற்றருக்குள் முடிந்துவிடும். நூறு அறைகள் இருக்கும் விடுதியில் எல்லாரும் காலையும் மாலையும் தொட்டியை நிரப்பினால், சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்பதை விடுதி கட்டியவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். சுண்ணாம்பு நிலத்து விடுதிக்குத் தொட்டி வேண்டியதே இல்லை என்பது என் கருத்து, ஒரு நல்ல பூமழைக் குழாயும் வாளியும் போதும். கூரையில் விழும் மழையைக் கிணற்றுக்குத் திருப்பிவிடும் விடுதியை நான் எந்த நட்சத்திரத்தைவிடவும் உயர்வாக மதிப்பேன்.

அண்ணாவின் மருமகன் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்து அழுக்கென்று எண்ணி முறைப்பாடு செய்தார். அது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, எங்கள் எல்லாருடைய வீட்டுக் கேத்தலிலும் இருக்கிறது. தேசிக்காய்ச் சாறு விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவினால் போய்விடும். இதை ஒரு சிறிய அட்டையில் எழுதி மேசையில் வைத்திருந்தால், அந்த நிலத்தின் கதையை விருந்தினர் அறிந்திருப்பார், அறைப் பணியாளரும் திட்டு வாங்கியிருக்கமாட்டார்.

கேள்வி: நான் நகரின் விடுதி ஒன்றில் வேலை செய்கிறேன். விருந்தினர்கள் எங்களை நடத்தும் விதத்தைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுவீர்களா அம்மா?
– விடுதிப் பணியாளர், யாழ். நகர்

பதில்: கட்டாயம் எழுதவேண்டும் தம்பி, இதை முன்பே எழுதாதது என் தவறு. அந்த இரண்டு நாட்களில் நான் கண்ட வேதனையான காட்சிகளில் சமையலுக்கோ மொழிக்கோ சம்பந்தமில்லாத ஒன்று உண்டு. மின்தூக்கி வரத் தாமதமானதற்காக, பெட்டிகளைச் சுமந்து நின்ற இருபது வயதுப் பிள்ளையை எங்கள் திருமணக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் ‘டேய்’ என்று அழைத்து, எல்லார் முன்னிலையிலும் ஏசினார். தான் வாழும் நாட்டில் ஒரு பணியாளரிடம் அவர் அப்படிப் பேசமாட்டார், அங்கே ‘தயவுசெய்து’ என்றும் ‘நன்றி’ என்றும் சொல்லித்தான் ஒரு கோப்பை கோப்பி வாங்குவார். ஊருக்கு வந்ததும் அந்தப் பழக்கம் எங்கே போய்விடுகிறது? நான் அந்தப் பிள்ளையிடம் போய் எங்கள் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்லை அம்மா, பழகிப்போச்சு’ என்றார். அந்தச் சொல் அன்று இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவது, ஈரத் துவாயை மெத்தைமேல் எறிவது, சாப்பிட முடியாத அளவுக்குத் தட்டை நிரப்பிப் பாதியை விட்டுவிட்டு எழுவது, இரவு பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டுத் தேநீர் கேட்டுவிட்டு வாசலில் நிற்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்துவது ஆகிய எல்லாவற்றையும் நம்மவர்கள் செய்யக் கண்டேன். விடுதியைக் குறைசொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதென்றால், இவற்றைச் சொல்லும் கடமையும் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விடுதி வேலை என்றால் முகஞ்சுழிக்கும் வழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை, பெண்பிள்ளை என்றால் இன்னும் கடுமை. அரசாங்க வேலை வரும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று வருடக் கணக்கில் பிள்ளையை முடக்கிவைப்பவர்கள், எண்பது வயது மூதாட்டியின் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்ட அந்தச் சுன்னாகத்துப் பிள்ளையை ஒருமுறை பார்க்கவேண்டும். அவ்வளவு பக்குவமான கையை நான் அண்மையில் கண்டதில்லை.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு விடுதியில் தங்க எண்ணுகிறோம். என்ன கவனிக்கவேண்டும்?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: இருபத்தைந்து நாட்களும் நெருக்கடிதான், தேருக்கும் தீர்த்தத்துக்கும் மாதக் கணக்கில் முன்னதாகவே அறையைப் பதிவுசெய்யுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும் என்பதால், நடந்து போகக்கூடிய தூரமா என்று கேளுங்கள். விரதகாரர் இருந்தால், மரக்கறிச் சமையலுக்குத் தனிப் பாத்திரமும் தனி அடுப்பும் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எண்பத்திரண்டு வயதான என் தாயார் வாழ்க்கையில் ஒருமுறையும் இப்படிப்பட்ட விடுதியில் தங்கியதில்லை. அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு இரவு கூட்டிப்போக ஆசைப்படுகிறேன். பயப்படுவாரோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள் அக்கா.
– வாசகி, சாவகச்சேரி

பதில்: கூட்டிப்போங்கள் தங்கச்சி, தள்ளிப்போடாதீர்கள். அண்ணியின் தாயார் முதல்நாள் கட்டிலின் விளிம்பிலேயே ஒடுங்கி இருந்தார், வெள்ளை விரிப்பு அழுக்காகிவிடும் என்று காலைத் தூக்கி வைக்கவே மறுத்தார். இரண்டாம் நாள் மாலை சன்னலோரக் கதிரையில் அமர்ந்து, கோட்டையின் பக்கமாக வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, ‘இன்னும் ஒரு நாள் நிற்கலாமோ’ என்று கேட்டார்.

முதலில் விடுதிக்கு நேரில் போய் அறையைப் பாருங்கள், படத்தை நம்பவேண்டாம். குளியல் தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்கவேண்டிய அறை அவருக்கு ஆகாது, தரையோடு தரையாக நீர் ஓடும் குளியலறையும் சுவரில் பிடிமானமும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டில் உயரமாக இருந்தால் காலடியில் வைக்க ஒரு சிறு பலகை கேளுங்கள். மின்தூக்கிக்கு அருகில், மின்பிறப்பாக்கியும் திருமண மண்டபமும் இல்லாத பக்கத்தில் அறை எடுங்கள். எங்களுடைய முதல் அறைக்கு நேர்கீழே ஒலிபெருக்கி நள்ளிரவு தாண்டியும் பாடிக்கொண்டிருந்தது. அந்த நேரமே பொறுப்பாளரைக் கூப்பிட்டுச் சொன்னபடியால் இருபது நிமிடத்தில் வேறு அறை தந்தார்கள், விடிந்தபின் சொல்லியிருந்தால் வெறும் மன்னிப்புத்தான் கிடைத்திருக்கும்.

குளிரூட்டியை இருபத்தாறு பாகையில் வைத்துவிடுங்கள், வீட்டிலிருந்து அவருடைய சொந்தப் போர்வையைக் கொண்டுபோங்கள். கதவோரம் செருகியிருக்கும் அறைச்சாவி அட்டையை இழுத்தால் மின்சாரம் முழுவதும் நின்றுவிடும் என்பதை அவருக்குக் காட்டிக்கொடுங்கள், இல்லாவிட்டால் திடீர் இருட்டில் பதறிவிடுவார். காலையில் எட்டு மணிவரை காத்திருக்காமல் ஆறரைக்கே உணவுக்குக் கூட்டிச் செல்லுங்கள், புட்டு அப்போதுதான் நன்றாக இருக்கும். இரவில் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை அரைவாசி சாத்தி வையுங்கள். புது இடத்தில் நடுச்சாமத்தில் எழும்பும்போது வயதானவர்களுக்குத் திசை பிடிபடாது.